சட்டையா கட்டையா: அப்பாவுக்காக ஒரு ஹோம் தியேட்டர்

எங்க வீடு சேலம் அம்மாபேட்டையில. தெருவுல பாதி வீட்ல இன்னும் தறி ஓடுது. பக்கத்து வீட்ல மட்டும் ஆறு பவர்லூம், காலைல ஏழுக்கு மோட்டாரைப் போட்டா மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் நிக்கும், அப்புறம் நைட்டு ஒம்போது வரைக்கும் டடக் டடக்னு ஓடிட்டே கெடக்கும். இந்தத் தெருவுல ஹோம் தியேட்டர் போடப் போறேன்னு சொன்னப்ப ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான், "ஏன்டா, உனக்குத்தான் ஏற்கனவே சரவுண்டு சவுண்டு ஓடுதே?"

மாடியில ஒரு ரூம் இருக்கு, 14க்கு 10 அடி. எங்களுக்குத் தறி இருந்த காலத்துல அது நூல் ரூம். தரையில இருந்து ஆள் உயரத்துக்கு நூல் மூட்டை அடுக்கி இருக்கும், உள்ள போய் நின்னு பேசினா நம்ம குரலே நமக்கு அமுங்கித்தான் கேக்கும், சின்ன வயசுல அது எனக்கு ஒரு மாதிரி பயமா இருக்கும். அப்பா தறியெல்லாம் வித்ததுக்கப்புறம் மூட்டையும் போச்சு, தரைக்கு டைல்ஸ் போட்டோம், செவுத்துக்குப் பட்டி வச்சு வழவழன்னு பெயிண்ட் அடிச்சோம். அன்னைக்கு உள்ள போய் "டேய் தம்பி"ன்னு பையனைக் கூப்பிட்டேன், கெணத்துக்குள்ள இருந்து கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. அதுதான் பின்னாடி எனக்கு வரப்போற பெரிய தலைவலின்னு அப்ப புரியல.

என் கனவு என்னவோ புரொஜெக்டர்தான். நூறு இன்ச் ஸ்கிரீன், கறுப்பு பெயிண்ட், ரிக்ளைனர்னு யூடியூப்ல பாத்துப் பாத்து ஆறு மாசம் தூங்கல. ஆனா இந்த ரூம்ல அதிக நேரம் உக்காரப் போறது நான் இல்ல, அப்பா. அவருக்கு எழுபத்தி மூணு வயசு. முப்பது வருஷத்துக்கு மேல தறி ஓட்டினவரு. இந்தியாவுல ஃபேக்டரிக்கு அப்ப வச்சிருந்த சத்த எல்லை எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல், தறிக்கூடத்துல அதையெல்லாம் சாதாரணமா தாண்டும், அதுவும் இவங்க பாத்தது பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட்டு. காதுல பஞ்சு கூட வச்சது கிடையாது, வச்சா நாடா (தறியில குறுக்க நூலைக் கொண்டு போற கட்டை) அடிக்கிற சத்தம் மாறினது தெரியாதுன்னு சொல்லுவாரு.

டிவி பாக்கும்போது அப்பா சிரிப்பாரு, ஆனா ரெண்டு செகண்டு கழிச்சு சிரிப்பாரு. ரொம்ப நாளா நான் கவனிக்கல, என் மனைவிதான் சொன்னா, "மாமா டிவியப் பாத்து சிரிக்கல, நம்ம மூஞ்சியப் பாத்து சிரிக்கிறாரு." அதுக்கப்புறம் அதை கவனிக்காம இருக்க முடியல.

காது டாக்டர்கிட்ட போனோம். ஒரு கிராஃப் குடுத்தாங்க, கனமான சத்தம் இருக்கிற இடது பக்கத்துல கோடு நல்லாத்தான் இருக்கு, கீச்சுச் சத்தத்துப் பக்கம் போகப் போக, 2000 ஹெர்ட்ஸ் தாண்டினதும் கீழ எறங்குது, 4000 கிட்ட குழியில விழுந்த மாதிரி விழுந்து கெடக்கு. சத்தத்துல வேலை பாத்தவங்களுக்கு பெரும்பாலும் இந்த எடத்துலதான் முதல்ல அடி விழுமாம். காது மிஷின் வாங்கினோம், வெளிய போனா போட்டுக்குவாரு, வீட்டுக்கு வந்ததும் கழட்டி பீரோ மேல வச்சிருவாரு. வீட்ல என்னத்துக்கு, நீங்க எல்லாம் சத்தமாத்தானே பேசறீங்கன்னு ஒரு நியாயம் வேற.

இதுல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், இது புரிஞ்சாத்தான் என்ன சாமான் வாங்கணும்னே புரியும். பேச்சுல உயிரெழுத்து எல்லாம் கனமா, கீழ்ப்பக்க அலைவரிசையில இருக்கும், சத்தத்தோட பலமே அதுலதான். ச, த, ப, க மாதிரி வல்லினம் எல்லாம் சின்ன வெடிப்பு, சின்ன உரசல், பலம் கம்மி, அதுல நெறைய 2000 ஹெர்ட்ஸ்க்கு மேல. சட்டை, கட்டை, பட்டை, தட்டை நாலுமே அப்பாவுக்கு "அட்டை"தான். மீதிய உதட்டைப் பாத்து, எடத்தைப் பாத்து நிரப்பிக்குவாரு. டிவில ஆளு திரும்பி நின்னு பேசினா முடிஞ்சுது. சரின்னு வால்யூமை ஏத்தினா எல்லாமே சேந்து ஏறுது, அட்டை பெரிய அட்டை ஆகுது, ச வரல. இந்த மாதிரி காதுக்கு இன்னொரு கொடுமையும் உண்டு, மெதுவான சத்தம் கேக்காது, பெரிய சத்தம் நம்மள விட சீக்கிரமா உறுத்தும். அதான் வயசானவங்க "என்ன சொன்ன?"ன்னு கேப்பாங்க, நாம கொஞ்சம் கத்திச் சொன்னா "எதுக்குக் கத்தற?"ம்பாங்க. ரெண்டுமே உண்மைதான்.

எனக்கு வழி தெரிஞ்சது எந்த கடையிலயும் இல்ல. 2024 ஆடியில கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். கூட்டம் தெரியும்ல. கம்பத்துல கட்டின கூம்பு ஸ்பீக்கர்ல, கொழந்தையத் தொலைச்ச ஒரு அம்மா எங்க வந்து நிக்கணும்னு அறிவிப்பு சொல்றாங்க. எனக்கே பாதி புரியல. அப்பா திரும்பி சொல்றாரு, "பச்சை சட்டையாம், அஞ்சு வயசாம், பாவம்." எழுத்துப் பிசகாம! வீட்டு ஹால்ல கேக்காதது, தவில், நாதஸ்வரம், பலூன்காரன், அத்தனை களேபரத்துல எப்படிக் கேட்டுச்சு?

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் அதே யோசனை. கூம்பு ஸ்பீக்கருக்கு பேஸ் கிடையாது, தம்முனு ஒண்ணுமே வராது. அதோட வேலையே நடு அலைவரிசை, கிட்டத்தட்ட பேச்சோட எடம் மட்டும். அப்புறம் அது நேரா நம்ம மேல அடிக்குது, சுத்தி செவுரு இல்ல, பட்டுத் திரும்பி வர சத்தம் கம்மி. ஆக எங்க அப்பாவுக்கு வேண்டியது மூணு: பேச்சு தனி ஸ்பீக்கர்ல நேரா மூஞ்சிக்கு வரணும், அது மேல பேஸ் வந்து உக்காரக் கூடாது, ரூம் எதிரொலிக்கக் கூடாது. அன்னைக்கே புரொஜெக்டர் கனவுல பாதி செத்துச்சு, ஏன்னா பட்ஜெட் ஒண்ணுதான், அது எங்க போகணும்னு தெரிஞ்சு போச்சு.

மீதிப் பாதியையும் கொன்னது வெளிச்சம். புரொஜெக்டரால வெள்ளையத்தான் அடிக்க முடியும், கறுப்பை அடிக்க முடியாது. புரொஜெக்டரை அணைச்சுட்டா ரூம் வெளிச்சத்துல அந்தத் திரை எந்த அளவுக்கு இருட்டா தெரியுதோ, அதை விடக் கறுப்பு உங்க படத்துல வராது. நூறு இன்ச் திரைன்னா கிட்டத்தட்ட 2.2 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் உயரம். முழு இருட்டுல அதுக்கு 500 லூமென் (புரொஜெக்டர் வெளிச்சத்தோட அளவு) இருந்தாலே தியேட்டர் அளவுக்கு வெளிச்சம் வந்துரும், தியேட்டர் ஸ்கிரீனோட பிரகாசமே 48 நிட்ஸ்தான். ஆனா ஒரு டியூப் லைட் எரிஞ்சா போதும், கறுப்பு எல்லாம் சாம்பல். எங்க மாடி ரூம்க்கு வடக்கு ஜன்னல், மழை பெஞ்சு முடிஞ்ச நாள்ல சேர்வராயன் மலை முழுசா தெரியும், அப்பாவுக்கு அந்த ஜன்னல் தொறந்திருக்கணும். பகல்லதான் பாப்பாரு. நடுவுல எந்திரிச்சு பாத்ரூம் போவாரு, இருட்டுல தடுக்கி விழுந்தா யார் பொறுப்பு? என் மனைவி படம் பாத்துக்கிட்டே கீரை ஆய்வா. இந்த வீட்ல இருட்டுங்கிறது கரண்ட் போனா மட்டும் வர்ற சமாச்சாரம். டிவிதான்னு முடிவாச்சு.

எத்தனை இன்ச்? கடையில கேட்டா "எவ்ளோ பட்ஜெட் சார்?"னு திருப்பிக் கேப்பாங்க. கேக்க வேண்டியது எவ்ளோ தூரத்துல உக்காருவீங்கன்னு. எங்க ரூம்ல சோஃபா பின் செவுத்துல ஒட்டக் கூடாது (ஏன்னு அப்புறம் சொல்றேன்), அதனால கண்ணுக்கும் டிவிக்கும் ஒம்போது அடி. அந்த தூரத்துல 65 இன்ச் டிவி நம்ம பார்வையில கிட்டத்தட்ட 30 டிகிரி எடத்தை அடைக்குது, சினிமா மாதிரி இருக்கணும்னா குறைஞ்சது அவ்ளோ வேணும்னு சொல்ற கணக்கு. 55 வாங்கினா 25 டிகிரிதான் வரும். 75 வாங்கினா இன்னும் நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்தக் காசுலதான் என் ஸ்பீக்கரே இருக்கு. அப்புறம் இந்த 8கே, 4கேயை விட நாலு மடங்கு புள்ளி. 65 இன்ச்ல சாதா ஃபுல் ஹெச்டி புள்ளியே முக்கால் மில்லிமீட்டர்தான், ஒம்போது அடியில நல்ல கண்ணுக்கே அந்தப் புள்ளி தனியா தெரியறது கஷ்டம். 4கே இப்ப இந்த சைஸ் டிவியில சாதாரணமாவே வந்துருது, சரி. அதுக்கு மேல காசு குடுக்கிறது நம்ம கண்ணுக்கு இல்ல, பக்கத்து வீட்டுக்காரன் கண்ணுக்கு.

ஓஎல்இடி மேல எனக்கு ஆசை. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும் தானே அணையும், அந்தக் கறுப்பு மாதிரி கறுப்பு வேற எதுலயும் வராது. ஆனா எங்க அப்பா காலைல ஆறு மணிக்கு நியூஸ் சேனல் போட்டா அது பாட்டுக்கு ஓடும், அவரு குளிக்கப் போனாலும் ஓடும். கீழ செவப்புப் பட்டையில ஓடுற எழுத்து, மூலையில லோகோ, மேல தங்கம் விலை. ஒரே எடத்துல ஒரே பிரகாசமான படம் வருஷக்கணக்குல நின்னா ஓஎல்இடில அந்த எடம் சீக்கிரம் தேஞ்சு தழும்பு மாதிரி தெரிய வாய்ப்பு இருக்கு. புது மாடல்ல அதைக் குறைக்க நெறைய வழி பண்ணியிருக்காங்கதான், ஆனா நியூஸ் பாக்குற வீட்ல வச்சு அதை சோதிச்சுப் பாக்க எனக்கு தைரியம் இல்ல. அதனால எல்இடியிலயே பின்னாடி வெளிச்சத்தைக் கட்டம் கட்டமா தனித்தனியா ஏத்தி எறக்குற வகை, அதுலயும் கறுப்பு நல்லா வர்ற விஏ பேனல். கியூஎல்இடின்னு போட்டிருந்தா அதுவும் இந்த எல்இடி டிவி மாதிரி எல்சிடிதான், நிறத்துக்கு ஒரு படலம் கூடுதல், அவ்வளவுதான், பேரைப் பாத்து ஓஎல்இடியோட குழப்பிக்காதீங்க. விஏவுக்கு ஒரு குறை, பக்கவாட்டுல உக்காந்தா நிறம் வெளுக்கும். அப்பாவோட சாய்வு நாற்காலி ஜன்னலோரம் கெடந்துச்சு. அதை நடுவுக்கு நகத்தறதுக்கு நான் பட்ட பாடு இருக்கே, டிவி வாங்கறது அதுக்கு எவ்வளவோ தேவல.

கடையில டிவிய ஜெயிக்க வைக்கிறது வேற, வீட்ல படம் பாக்குறது வேற. அங்க எல்லாமே விவிட் மோடுல, நீலம் தூக்கலா, கண்ணு கூசற மாதிரி வச்சிருப்பாங்க, பழக்கடையில ஆப்பிளுக்கு லைட் போடற கதை. நான் பென் டிரைவ்ல ரெண்டு துண்டு எடுத்துட்டுப் போனேன், ராத்திரி காட்சி ஒண்ணு, மூஞ்சி கிட்டத்துல வர காட்சி ஒண்ணு. சினிமா மோடு போட சொல்லி அந்த ரெண்டை மட்டும் பாத்தேன். அப்புறம் அந்த வழுக்கி வழுக்கி ஓடுற மோஷன் சமாச்சாரத்தை அணைக்க சொன்னேன், சினிமா செகண்டுக்கு 24 ஃபிரேம், டிவி நடுவுல தானா ஃபிரேம் செஞ்சு செருகினா பெரிய படமும் மெகா சீரியல் மாதிரி ஆயிடும். கடைசியில வாங்கிட்டேன். நான் வாங்கி ஏழு மாசம் கழிச்சு, 2025 செப்டம்பர் 22ல இருந்து, பெரிய டிவிக்கு ஜிஎஸ்டிய 28ல இருந்து 18 ஆக்கிட்டாங்க. வயிறு எரியுது, விடுங்க.

இனி சவுண்டு. மொதல்ல அஞ்சு ரோடு பக்கம் ஒரு கடைக்கு அப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். அந்தத் தம்பி ஆர்வமா ஒரு சண்டைக் காட்சி போட்டான், கண்ணாடிக் கதவு அதிருது. அப்பா கேட்டாரு, "என்ன பேசிக்கிறாங்க?" தம்பி சொன்னான், "ஐயா, பேஸைக் கேளுங்கய்யா!" வெளிய வந்து அப்பா சொன்னாரு, "தறி விட்டதே இந்த சத்தம் வேண்டாம்னுதான்டா கண்ணு."

வாட்ஸ் கணக்கைப் பத்தி ரெண்டு வரி. அந்தக் காலத்து டேப் ரெக்கார்டர்ல 2000 வாட்ஸ் பிஎம்பிஓன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஞாபகம் இருக்கா? உள்ள பாத்தா பத்து வாட்ஸ் கூட உருப்படியா வராது. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து உருப்படியா வர்ற வாட்ஸ், என்னன்னு கேளுங்க. அதை விட முக்கியம் ஸ்பீக்கரோட சென்சிடிவிட்டி, ஒரு வாட் குடுத்தா ஒரு மீட்டர்ல எத்தனை டெசிபல் வருதுங்கறது. 85 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 91 டெசிபல் ஸ்பீக்கருக்கும் ஆறு டெசிபல் வித்தியாசம், அதே சத்தம் வர முதலாவதுக்கு நாலு மடங்கு பவர் வேணும். எங்க ரூம் சைஸுக்கு சாதாரண ரிசீவரே (எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரிச்சு பவர் குடுக்கற பெட்டி) தாராளம்.

5.1, 7.1னு ஸ்பீக்கர் எண்ணிக்கை, கூரைப் பக்கம் இருந்தும் சத்தம் வர்ற அட்மாஸ்னு போறதுக்கு முன்னாடி இதை மனசுல வைங்க: படத்துல பேச்சு பெரும்பாலும் வர்றது நடு ஸ்பீக்கர்ல, அந்த சென்டர்ல. டிவியோட சொந்த ஸ்பீக்கர் ஒல்லியா, கீழ பாத்து இல்ல பின்னாடி பாத்து இருக்கு, வசனம் செவுத்துல முட்டி வருது. ஊர்ல எல்லாரும் சப்வூஃபருக்கும் (பேஸ் மட்டும் தர்ற பெட்டி) மேல்கூரை ஸ்பீக்கருக்கும் செலவு பண்ணிட்டு சென்டரைக் கூட வந்த இலவசம் மாதிரி நடத்துவாங்க. நான் தலைகீழா பண்ணேன். மொதல்ல 3.1 மட்டும், இடது, வலது, நடு, ஒரு சப். பின் ஸ்பீக்கர் ரெண்டு தீபாவளி போனஸ்ல வந்துச்சு. அட்மாஸ் இன்னும் வரல, ஃபால்ஸ் சீலிங்ல வயர் மட்டும் இழுத்து விட்டிருக்கேன்.

சென்டர் எதுன்னு தேர்ந்தெடுக்க நான் ஒரு பரீட்சை வச்சேன், இதைப் பத்தி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. என் மனைவிய சட்டை, கட்டை, பட்டை, தட்டை, அப்புறம் பாதை, காதை, சாதம், பாதம் இந்த மாதிரி இருபது வார்த்தைய மாத்தி மாத்தி படிக்கச் சொல்லி ரெக்கார்ட் பண்ணி பென் டிரைவ்ல போட்டுக்கிட்டேன். அப்பா கையில நோட்டு, பேனா. கேட்டதை எழுதணும். "என்னடா, என்னை மறுபடி ஒண்ணாங்கிளாஸ் சேக்கறியா?"ன்னாரு, ஆனா கண்ணாடிய மாட்டிக்கிட்டு உக்காந்துட்டாரு. வீட்டு டிவி ஸ்பீக்கர்ல இருபதுக்கு ஏழு. ஒரு கடையில சவுண்டு பார்ல ஒம்போது. கோயம்புத்தூர் வரைக்கும் போனோம், அங்க ஒரு சென்டர்ல பதினாலு. அந்தக் கடைக்காரர் எங்கள ஒரு மாதிரி பாத்தாரு, அப்புறம் அவரே ஒரு நோட்டு எடுத்துட்டு வந்து எழுத ஆரம்பிச்சுட்டாரு. குரல் மருமக குரல், அவருக்குப் பழகினது, அதனால இது சுத்தமான பரீட்சை இல்லைன்னு எனக்கே தெரியும். ஆனா எல்லா ஸ்பீக்கருக்கும் அதே குரல்தானே, ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட அது போதும்.

பதினாலு வாங்கினது எதுன்னா, நடுவுல மேல்பக்க சத்தத்துக்கு ட்வீட்டரும், அதுக்கு நேர் கீழ நடு சத்தத்துக்கு ஒரு சின்ன மிட்ரேஞ்சும், ரெண்டு பக்கம் கீழ்ப்பக்க சத்தத்துக்கு வூஃபரும் இருக்கிற வகை. வழக்கமா வர்ற சென்டர்ல நடுவுல ட்வீட்டர், ரெண்டு பக்கம் ஒரே மாதிரி வூஃபர் படுக்க வச்சிருப்பாங்க, நேரா உக்காந்தா சரி, கொஞ்சம் ஓரத்துல உக்காந்தா ரெண்டு வூஃபர்ல இருந்து வர்ற அலை ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு பேச்சுல ஒரு பள்ளம் விழும். அப்பா நடுவுக்கு வந்துட்டாரு, ஓரத்துல உக்காரப் போறது நான், இருந்தாலும். டிவி ஸ்டாண்டு கீழ்த்தட்டுல வச்சா ஸ்பீக்கர் முட்டியப் பாத்து பேசும். முன் பக்கம் ரெண்டு ரப்பர் கதவு ஸ்டாப்பர முட்டுக் குடுத்து காதைப் பாக்கற மாதிரி நிமித்தி வச்சேன், செலவு நாப்பது ரூபா, இந்த மொத்த செட்டப்லயே காசுக்கு அதிக பலன் குடுத்த சாமான் அதுதான்.

எல்லாம் மாட்டி முடிச்சு வீட்ல பரீட்சை வச்சா பதினொண்ணுதான் வருது. கடையில பதினாலு வாங்கின அதே ஸ்பீக்கர்! ரூம் நடுவுல நின்னு ஒரு தடவ கையைத் தட்டினேன், டிர்ர்ர்னு ஒரு வால் நீண்டுச்சு. கெணறு. அப்பத்தான் நூல் மூட்டை ஞாபகம் வந்துச்சு.

முட்டை அட்டை ஒட்டுங்கன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது பூசணம் பிடிக்கும், தீ பிடிக்கும், சத்தத்தைப் பிடிக்காது. மெல்லிசா கறுப்பு ஃபோம் விக்கிறாங்க, அது மேல்பக்க சத்தத்தை மட்டும் தின்னும், நமக்கு எது வேணுமோ அதையே தின்னுட்டு உருமலை விட்டுரும். ரெண்டு இன்ச் ராக்வூல் (கல்லை உருக்கி செய்யற பஞ்சு) பலகை வாங்கினேன், ரீப்பர் கட்டையில சட்டம் அடிச்சேன் (கையுறை, மாஸ்க் இல்லாம தொடாதீங்க, ரெண்டு நாள் சொறிவீங்க), மேல துணி சுத்தணும். துணின்னதும் அப்பா உள்ள வந்துட்டாரு. சத்தம் துணிக்குள்ள புகுந்து போகணும்னா வாயை வச்சு ஊதினா காத்து அந்தப் பக்கம் வரணும்னு நான் எங்கயோ படிச்சதைச் சொன்னேன். அவரு பக்கத்துத் தறியில இருந்து நாலு துண்டுத் துணி வாங்கிட்டு வந்து ஊதக் கூட இல்ல, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாரு, ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டினாரு, "இது நெருக்கம், இது கஞ்சி ஜாஸ்தி, இதை எடு." காடா துணி, சல்லிசு. நான் ஊதிப் பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு.

எங்க மாட்டறதுன்னு கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி போதும். அப்பா நாற்காலியில உக்காந்துக்கிட்டாரு, என் மனைவி முகம் பாக்கற கண்ணாடிய பக்கத்துச் செவுத்துல வச்சு நகத்திட்டே போனா, கண்ணாடிக்குள்ள ஸ்பீக்கர் தெரியற எடத்துல பென்சில் கோடு. அங்கதான் சத்தம் பட்டுத் திரும்புது. ரெண்டு பக்கச் செவுரு, பின் செவுரு, மொத்தம் எட்டு பேனல், தரையில ஒரு பவானி ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை. மறுபடி கையைத் தட்டினா தட்டின சத்தம் மட்டும். பரீட்சையில பதினாறு.

இப்ப சோஃபா விஷயம். ஒரு ரூமோட நீளத்துக்கு ஏத்த மாதிரி சில பேஸ் அலை மட்டும் உள்ளேயே நின்னு ஊதும், கணக்கு சிம்பிள், சத்தத்தோட வேகம் செகண்டுக்கு 343 மீட்டர், அதை நீளத்தோட ரெண்டு மடங்கால வகுக்கணும். பதினாலு அடிக்கு 40 ஹெர்ட்ஸ். பத்து அடி அகலத்துக்கு 56. எங்க கூரை உயரமும் பத்து அடி! அதுக்கும் 56. ரெண்டு அலையும் ஒரே எடத்துல கூட்டணி போட்டு ஒரு ங்ஙொம்ம்ம்னு உருமல். இந்த அலையெல்லாம் செவுத்தை ஒட்டித்தான் ரொம்ப பலமா இருக்கும், சோஃபாவ பின் செவுத்துல ஒட்டிப் போட்டா பேஸ் மேல உக்காந்த மாதிரி. ரூம் கட்டறவங்க இந்தக் கட்டுரைய படிச்சா தயவு செஞ்சு அகலமும் உயரமும் ஒரே அளவு வைக்காதீங்க. சப்வூஃபருக்கு எடம் தேட, சப்பைத் தூக்கி நான் உக்கார்ற எடத்துல வச்சு பாட்டு போட்டு, நான் தரையில தவழ்ந்துக்கிட்டே போய் எந்த மூலையில பேஸ் சீரா கேக்குதுன்னு பாத்தேன். நல்லா கேட்ட எடத்துல சப்பை வைக்கணும். என் பையன் அதை வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டுட்டான், அத்தை போன் பண்ணி "தம்பிக்கு இடுப்புல என்னாச்சு?"ன்னு கேட்டாங்க.

ரிசீவர் செட்டிங்ல மைக் வச்சு அளந்து தானா சரி பண்ற வசதி வந்துச்சு, அது போட்ட கணக்குல இருந்து சென்டரை மூணு டெசிபல் ஏத்தினேன், சப்பை நாலு எறக்கினேன், 80 ஹெர்ட்ஸ்க்குக் கீழ எல்லாம் சப்புக்கு. அப்புறம் நைட் மோடு. ஹோம் தியேட்டர்காரங்க இதைக் கேட்டா சிரிப்பாங்க, ஏன்னா அது பெரிய சத்தத்தை அமுக்கி சின்ன சத்தத்தைத் தூக்கும், டைரக்டர் வச்ச ஏற்ற இறக்கம் போயிடுச்சுங்கறது அவங்க குறை. சினிமா கணக்குப்படி ஒரு ஸ்பீக்கர்ல இருந்து உச்சம் 105 டெசிபல் வரைக்கும் போகலாம், நல்லாத்தான் இருக்கும், காது இருக்கிறவங்களுக்கு. பக்கத்துல ஆறு தறி ஓடுது, ஜன்னல் சாத்தினாலும் போன்ல அளந்தா ரூம்லயே 48 காட்டுது, கிசுகிசுன்னு பேசற வசனம் அதுலயே மூழ்கிடும். எங்க வீட்ல நைட் மோடு பகல்லயும் ஆன்லதான்.

நடுவுல ஒரு கெட்ட நாள். மே மாசம், ஏற்காட்டுப் பக்கம் கறுத்துக்கிட்டு வந்து ஒரு இடி. செட்டாப் பாக்ஸ் போச்சு, டிவில ஒரு ஹெச்டிஎம்ஐ போர்ட்டும் போச்சு. நல்ல வேளை ஈ-ஆர்க் போர்ட் தப்பிச்சுது, அதுலதான் டிவி சத்தம் ரிசீவருக்குப் போகுது. எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து பாத்துட்டு ஸ்டெபிலைசரைத் தட்டிக் காட்டி, இடி கரண்ட்ல மட்டும் வராது சாமி, கேபிள் வயர்லயும் வரும்னாரு. எர்த் குழியத் தொறந்தா மண்ணு பொரி மாதிரி காஞ்சு கெடக்கு. கரியும் உப்பும் மாத்திப் போட்டு, வெயில் காலத்துல வாரம் ரெண்டு குடம் தண்ணி ஊத்தச் சொன்னாரு. ஊத்தறேன். இடி இடிச்சா கேபிளையும் பிடுங்கிடறேன்.

மொதல் படம் என்ன போடறது? அப்பாவுக்குப் பழைய படம்தான் உயிர். ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிக்குதுல்ல, 1935ல டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்ச கம்பெனி, நூத்துக்கும் மேல படம் எடுத்தாங்க, தமிழ்ல மொத முழு நீளக் கலர் படம் 1956ல இங்க இருந்துதான் போச்சு. அந்த கேட்டுக்கு வெளிய நின்னு யாராவது நடிகர் கார்ல போறாங்களான்னு பாத்ததைப் பத்தி அப்பா ஆயிரம் தடவ சொல்லியிருக்காரு. ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டேன். படம் கிட்டத்தட்ட சதுரம், ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. என் பையன் ரிமோட்டை எடுத்து ஜூம் பண்ணான், திரை நிரம்பிடுச்சு, அப்பா உடனே, "டேய், கொண்டைய வெட்டிட்டியே!" அந்தப் படமெல்லாம் மோனோ, ரெண்டு பக்கமும் ஒரே சத்தம், ரிசீவர்ல டால்பி சரவுண்டு போட்டா அதைக் கண்டுபிடிச்சு மொத்தத்தையும் நடு ஸ்பீக்கருக்குத் தள்ளிடும். வாயும் குரலும் ஒரே எடத்துல. அப்பா ஒவ்வொரு வசனத்தையும் கூடவே சொன்னாரு. எனக்கு ஒரே சந்தோஷம், அப்புறம்தான் உறைச்சுது, அவருக்கு அது மனப்பாடம். சத்தத்தை அணைச்சாலும் சொல்லுவாரு.

அடுத்த ஞாயித்துக்கிழமை அவரு பாக்காத ஒரு புதுப் படம் போட்டோம், காமெடி. சப்டைட்டில் இல்ல. நான் படத்தைப் பாக்கல, ஓரக்கண்ணால அப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தேன், அதனால மொத ஜோக் வந்தப்ப எனக்குப் புரியல, அவரு சிரிச்சாரு. நான் திரும்பி என் மனைவியப் பாத்தேன். "என்னங்க சொன்னான்?"னு அவ என்னைக் கேக்கறா, கீரை ஆய்ஞ்சதுல கவனிக்கலையாம். அப்பாதான் ரெண்டு பேருக்கும் ஜோக்கை விளக்கினாரு, விளக்கி விளக்கி அடுத்த ஜோக் போச்சு.

எல்லாமே கேக்குதுன்னு சொல்லமாட்டேன். இருபதுக்கு பதினாறுதான். வேகமா பேசற படம், பாட்டு மேல வசனம் ஓடற படம் எல்லாம் இன்னும் தகராறுதான், அதுக்கு சப்டைட்டில் போட்டுடறோம்.

போன வாரம் இன்னொரு பிரச்சனை. சப்ல ஆழமான பேஸ் வரும்போதெல்லாம் எங்கயோ ஒரு கிர்ர்ர்னு அதிர்வு. நான் பீரோவத் தொறந்து பிடிச்சேன், ஃபோட்டோ ஃபிரேமை எறக்கினேன், டிவி பின்னாடி வயரையெல்லாம் டேப் ஒட்டினேன், பேனலைக் கழட்டி மாட்டினேன், சத்தம் எங்க இருந்து வருதுன்னே பிடிபடல. அப்பாவுக்கு அந்தக் கிர்ர் கேக்கவே கேக்காது, அது அவரோட குழி விழுந்த எடம். "அதே எடத்தைத் திருப்பிப் போடு"ன்னாரு. எந்திரிச்சு உள்ளங்கைய செவுத்துல வச்சாரு, கொஞ்சம் நகந்து கதவுல, அப்புறம் ஜன்னல் கட்டையில, தறியில எந்த போல்ட் லூஸுன்னு பாக்கறதுக்கு ஃபிரேமைத் தொட்டுக்கிட்டே போவாரே, அதே மாதிரி. ஜன்னல் கிரில்லோட கீழ் மூலையில கை நின்னுச்சு. "பதிமூணாம் நம்பர் ஸ்பானர் எடுத்துட்டு வா"ன்னாரு. பரண்ல தறி சாமான் டப்பா இன்னும் இருக்கு, அதுல இருந்து எடுத்துக் குடுத்தேன். நட்டை அரை சுத்து முறுக்கிட்டு, மலைய ஒரு பார்வை பாத்துட்டு, நாற்காலியில வந்து உக்காந்து, "ம், போடு"ன்னாரு.